புதிதாகக் கறுப்புக் கோட்டுப் போட்டவர்களுக்கு

இந்த வருடம் சத்தியப்பிரமாணம் எடுத்துக்கொண்டு மாளிகாகந்தைக்கும் புதுக்கடைக்கும் வரத் தொடங்கியிருக்கும் பிள்ளைகளுக்கு இதை எழுதுகிறேன். கைது பற்றிய பிரிவுகளைச் சட்டக் கல்லூரியில் மனப்பாடம் செய்திருப்பீர்கள். உங்களுக்கு வரப்போகும் முதல் அழைப்பு பிரிவு இலக்கம் கேட்டு வராது. "சேர், என் மகன கடையிலருந்து கூட்டிட்டுப் போயிட்டாங்க, ஏன்னு தெரியல" என்று ஹட்டன் பக்கத்திலிருந்து ஒரு தாய் அழுவாள். பஞ்சிகாவத்தையில் உதிரிப்பாகக் கடையில் நிற்பவன், டெக்னிக்கல் சந்தியில் கொத்து ரொட்டி போடுபவன், கொட்டாஞ்சேனையில் அறை எடுத்திருப்பவன், வெள்ளவத்தை லொட்ஜில் விசாவுக்குக் காத்திருப்பவன். மருதானையில் இருந்துகொண்டு தமிழில் தொழில் பார்த்தால் நம்மைத் தேடி வருவோர் பெரும்பாலும் இவர்கள்தான்.

1. முதலில் மணியை எழுதுங்கள்.

அழைத்தவர் அழுதாலும் திட்டினாலும், நீங்கள் கேட்க வேண்டிய முதற்கேள்வி "எத்தனை மணிக்குக் கூட்டிப் போனார்கள்?" என்பதே. பொலிஸ் புத்தகத்தில் கைது என்று எழுதப்படும் நேரம் ஒன்று இருக்கும். அந்த ஆள் தன் விருப்பப்படி எழுந்து போக முடியாமற்போன நேரம் அதற்கு முன்பே இருக்கும். சட்டம் கணக்கில் எடுப்பது இரண்டாவதை.

நமசிவாயம் எதிர் குணவர்தன வழக்கைத் தேடி வாசியுங்கள். 1989 ஆம் ஆண்டுச் சட்ட அறிக்கையில் இருக்கிறது. பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தவரை ஓர் அதிகாரி விசாரணைக்குப் பொலிஸ் நிலையம் வரச் சொன்னார். விலங்கும் இல்லை, அடியும் இல்லை. பிரதம நீதியரசர் சர்வானந்தா அதைக் கைது என்றே தீர்த்தார். பயணத்தைத் தொடர முடியாதபடி தடுத்தது போதும். பலத்தைக் காட்டிப் பணியவைத்தாலே போதும், பலம் பிரயோகிக்க வேண்டியதில்லை. ஆகவே "கைது செய்யேல்ல, சும்மா வாக்குமூலம் எடுக்கத்தான் கொண்டுவந்தனாங்கள்" என்று யாராவது உங்களிடம் சொன்னால் தலையை ஆட்டிவிட்டு, "அப்படியானால் இப்போதே என்னோடு வரலாம்தானே?" என்று கேளுங்கள். வரக்கூடாது என்றால் அது கைது. அந்தப் பதிலையும், சொன்னவர் பதவியையும், மணியையும் எழுதிக்கொள்ளுங்கள்.

கைது என்று சொல்லாமலே எவ்வளவு செய்யலாம் என்பதை இந்த நகரம் 2007 ஜூன் 7 அன்று பார்த்தது. வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை லொட்ஜுகளில் தங்கியிருந்த தமிழர் 376 பேரை விடியற்காலையில் எழுப்பி, பஸ்களில் ஏற்றி, வவுனியா, மட்டக்களப்புப் பக்கம் அனுப்பினார்கள். யார்மீதும் குற்றச்சாட்டு இல்லை. "ஊருக்கு அனுப்பிவைக்கிறோம்" என்பதே பேச்சு. மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் உயர் நீதிமன்றத்துக்குப் போனது; மறுநாளே இடைக்காலத் தடை கிடைத்தது. இருபத்துநான்கு மணித்தியாலத்துக்குள் மனு எழுதி நீதிமன்றம் ஏறலாம் என்பதற்கு அதுவே அத்தாட்சி.

மணியை நிறுவச் சான்று வேண்டும். கடையின் சிசிடிவி, தொலைபேசியில் கடைசியாகப் பேசிய நேரம், பக்கத்துக் கடைக்காரர் கண்டது எல்லாவற்றையும் அன்றே சேர்த்துவிடுங்கள். சிசிடிவி தானாகவே பழைய பதிவை அழித்துக்கொள்ளும். இந்தியாவில் டி.கே. பாசு வழக்கில் 1996 டிசம்பரில் வந்த தீர்ப்புக்குப் பிறகு, கைது செய்பவர் நேரமும் திகதியும் போட்டுக் கைதுக் குறிப்பு எழுதி, குடும்பத்தவர் ஒருவரிடமோ அப்பகுதியின் மதிப்புக்குரிய ஒருவரிடமோ சாட்சிக் கையெழுத்து வாங்க வேண்டும். நல்ல விதி. அந்த விதி இருந்த நாட்டில்தான் 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் தகப்பனும் மகனும் காவலில் அடிபட்டுச் செத்தார்கள். பொலிஸ் எழுதும் தாளை மட்டும் நம்பாதீர்கள், நீங்களும் எழுதுங்கள்.

2. காரணத்தைக் கேளுங்கள்.

அரசியலமைப்பின் 13(1) உறுப்புரை: சட்டம் வகுத்த நடைமுறைப்படியன்றி எவரையும் கைது செய்யக்கூடாது, கைதானவருக்குக் காரணம் சொல்ல வேண்டும். குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 23 ஆம் பிரிவும் அதையே சொல்கிறது. "மேலிடத்து ஓடர்" என்பது காரணம் ஆகாது. 1972 இல் குணசேகர எதிர் டி பொன்சேகா வழக்கில், தனக்கென்று சந்தேகம் எதுவுமின்றி மேலதிகாரி சொன்னதற்காகவே ஓர் அதிகாரி செய்த கைது செல்லாது என்று தீர்ந்தது. அவசரகாலச் சட்டம் நடைமுறையில் இருந்த காலத்து வழக்கு அது என்பதையும் நினைவில் வையுங்கள்.

பிடியாணை இருந்தால் அதன் சாராம்சத்தைச் சொல்ல வேண்டும், கேட்டால் காட்டவும் வேண்டும். பிடியாணை இல்லாமல் பிடிக்கலாமா என்பது குற்றத்தைப் பொறுத்தது. 32 ஆம் பிரிவைக் கைப்பையில் வைத்திருங்கள்.

3. நிலையத்துக்குள் போகும் விதம்.

2012 இல் சட்டத்தரணிகள் பொலிஸ் நிலையங்களில் தோன்றுவது பற்றிய விதிகள் வர்த்தமானியில் வெளியாகின. உங்களை மரியாதையாக ஏற்று, உங்கள் கட்சிக்காரர் சார்பில் பேச இடமளிப்பது பொறுப்பதிகாரியின் கடமை. அந்த வர்த்தமானியின் பிரதி ஒன்றை மடித்துக் கோட்டுப் பையில் வையுங்கள். அதை எடுத்த எடுப்பிலே நீட்டாதீர்கள். மேசையில் இருக்கும் சார்ஜன்ட் காலையிலிருந்து நின்று களைத்திருப்பார். அவரோடு சண்டை போட்டு உள்ளே இருப்பவனுக்கு ஒரு பயனும் இல்லை. பெயரைச் சொல்லுங்கள், அடையாள அட்டையைக் காட்டுங்கள், பொறுப்பதிகாரியைக் கேளுங்கள், வாங்கில் உட்காருங்கள். உங்களைக் காக்கவைத்தால் அதுவும் நேரக் குறிப்பில் சேரட்டும்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். 13(3) உறுப்புரை சட்டத்தரணியைப் பற்றிப் பேசுவது நீதிமன்ற விசாரணையில். விசாரணை அறையில் கேள்வி கேட்கும்போது பக்கத்தில் சட்டத்தரணி உட்காரும் உரிமை நம் அரசியலமைப்பில் பச்சையாக எழுதப்படவில்லை. இது பெரிய ஓட்டை. அதனால்தான் அந்த 2012 விதிகளை ஒவ்வொரு முறையும் பயன்படுத்தி உயிரோடு வைத்திருக்க வேண்டும்.

"அப்படி ஒருவரும் இங்கே இல்லை" என்ற பதில் வந்தால் வாக்குவாதம் வேண்டாம். அடுத்த நிலையத்துக்கும், கொழும்பு குற்றத் தடுப்புப் பிரிவுக்கும், குற்றப் புலனாய்வுத் திணைக்களத்துக்கும், பயங்கரவாதப் புலனாய்வுப் பிரிவுக்கும் கேட்டுவிடுங்கள். மனித உரிமைகள் ஆணைக்குழுவின் 1996 இலக்கத்துக்கு அழைத்து முறைப்பாட்டு இலக்கம் வாங்குங்கள். அதற்கும் ஆள் கிடைக்காவிட்டால் மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு. வெள்ளை வானில் ஆட்கள் கடத்தப்பட்ட காலத்தைக் கண்ட குடும்பங்கள் இந்தப் பதிலைக் கேட்டதும் நடுங்கும். அவர்களிடம் "பயப்படாதீர்கள்" என்று சொல்வதைவிட முறைப்பாட்டு இலக்கத்தைக் கையில் கொடுப்பது நல்லது.

4. வாசிக்கத் தெரியாத தாளில் கையெழுத்து வேண்டாம்.

இதை உங்கள் கட்சிக்காரருக்கு மட்டுமல்ல, தெருவில் கண்ட எல்லாத் தமிழருக்கும் சொல்லுங்கள். கொழும்பில் வாக்குமூலம் பெரும்பாலும் சிங்களத்தில்தான் எழுதப்படும். தமிழும் அரச கரும மொழி என்று அரசியலமைப்பு சொல்வது உண்மை. இரவு ஒன்பது மணிக்குத் தமிழ் எழுதத் தெரிந்த உத்தியோகத்தர் அந்த நிலையத்தில் இல்லை என்பதும் பெரும்பாலும் உண்மை.

நல்லரத்தினம் சிங்கராசாவின் கதை இதற்குப் பாடம். கிழக்கில் 1993 ஜூலையில் பிடிபட்ட தமிழர், சிங்களம் தெரியாதவர். பொலிஸ் கான்ஸ்டபிள் ஒருவர் மொழிபெயர்க்க, உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் முன்னிலையில் சிங்களத்தில் தட்டச்சான ஒரு வாக்குமூலத்தில் பெருவிரல் அடையாளம் வைத்தார். அதைத் தவிர அவருக்கு எதிராகக் கனமான சாட்சியம் இல்லை. 1995 இல் கொழும்பு மேல் நீதிமன்றம் 50 வருடச் சிறை விதித்தது. மேன்முறையீட்டில் அது 35 ஆனது. ஒப்புதல் சுயமாகத் தரப்படவில்லை என்று நிரூபிக்கும் சுமையை அவர் தலையிலேயே வைத்தது நியாயமான விசாரணைக்கு மாறானது என்று ஐக்கிய நாடுகளின் மனித உரிமைகள் குழு 2004 இல் சொன்னது. அதை வைத்துக்கொண்டு உயர் நீதிமன்றம் போனபோது, 2006 இல் மனு தள்ளுபடியாயிற்று. ஒரு பெருவிரல் அடையாளத்தின் பின்னால் இத்தனை நீதிமன்றங்கள்.

இங்கே சட்டத்தின் இரு முகங்களைப் பிரித்துப் பாருங்கள். சாதாரணக் குற்றமென்றால் 1895 இன் சான்றுக் கட்டளைச் சட்டம் 25 ஆம் பிரிவு நம் பக்கம்: பொலிஸ் உத்தியோகத்தரிடம் செய்த குற்ற ஒப்புதலை எதிரிக்கு எதிராக நிரூபிக்க முடியாது. 27 ஆம் பிரிவுதான் அதன் வாசல். ஒப்புதலின் வழியே ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால் அந்தப் பகுதி உள்ளே வந்துவிடும். ஆகவே "நான்தான் காட்டினேன் என்று எழுதிவிட்டார்கள்" என்று கட்சிக்காரர் சொன்னால் அசட்டையாக இருக்காதீர்கள். பயங்கரவாதத் தடைச் சட்டமென்றால் கதையே வேறு. அதன் 16 ஆம் பிரிவு, உதவிப் பொலிஸ் அத்தியட்சகரும் அவருக்கு மேற்பட்டவரும் எடுத்த ஒப்புதலை ஏற்கிறது. சிங்கராசா விழுந்த குழி அதுதான்.

கையெழுத்திட்டே ஆக வேண்டிய நிலை வந்தால், கையெழுத்துக்கு மேலே தமிழில், தன் கையாலேயே, "இதில் எழுதியிருப்பது எனக்கு வாசித்துக் காட்டப்படவில்லை" என்று எழுதச் சொல்லுங்கள். விடமாட்டார்கள் என்றால், அதை நீதவான் முன் சொல்லச் சொல்லுங்கள்.

5. இருபத்துநான்கு மணித்தியாலம்.

பிடியாணையின்றிக் கைதானவரை 24 மணித்தியாலத்துக்கு மேல் பொலிஸ் தடுத்துவைக்க முடியாது என்பது குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 37 ஆம் பிரிவு. நீதவானிடம் கொண்டுபோகும் பயண நேரம் கணக்கில் சேராது. மருதானைப் பொலிஸ் நிலையத்திலிருந்து மாளிகாகந்தை நீதிமன்றம் நடை தூரம். இங்கே பயண நேரத்தைப் பற்றி யாரும் பெரிதாகப் பேச முடியாது. 24 என்பது உச்ச எல்லை, உரிமை அல்ல. தேவையற்ற தாமதம் இல்லாமல் என்கிறது 36 ஆம் பிரிவு. ஐந்து மணித்தியாலத்தில் வேலை முடிந்தால் ஆறாவது மணித்தியாலத்துக்குக் காரணம் வேண்டும்.

சனி, ஞாயிறு, போயா என்று சொல்லி நாளைக் கடத்த விடாதீர்கள். பதில் நீதவான் எப்போதும் உண்டு. அவர் வீட்டிலும் முற்படுத்தலாம்.

6. உடம்பைப் பாருங்கள்.

கட்சிக்காரரைக் கண்டதும் வழக்கைப் பற்றிப் பேசுவதற்கு முன் அடித்தார்களா என்று கேளுங்கள். வெட்கப்பட்டுச் சொல்லமாட்டான். நடையைப் பாருங்கள், உட்காரும் விதத்தைப் பாருங்கள். காயம் இருந்தால் நீதவான் முன் சொல்லி, அதை வழக்கேட்டில் பதியக் கேட்டு, சட்டவைத்திய அதிகாரியிடம் அனுப்பக் கட்டளை பெறுங்கள். நீலம் பாரித்த காயம் சில நாளில் மாறிவிடும், வைத்திய அறிக்கை நிற்கும். சித்திரவதையைத் தடைசெய்யும் அரசியலமைப்பின் 11 ஆம் உறுப்புரைக்கு விதிவிலக்கே கிடையாது. 1994 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கச் சித்திரவதைக்கெதிரான சட்டத்தில் குற்றவாளியாகும் உத்தியோகத்தருக்கு ஆகக் குறைந்தது ஏழு வருடம், கூடியது பத்து வருடம். சட்டம் கடுமைதான். அதில் தண்டனை பெற்றவர்களைத் தேடிப்பாருங்கள், அதிகம் பேர் கிடைக்கமாட்டார்கள்.

2023 மே மாதம் பதுளையிலிருந்து வந்து கொழும்பில் வீட்டுவேலை செய்த மலையகப் பெண் ஒருவர், ஒரு மோதிரம் காணாமற்போன முறைப்பாட்டில் பொலிஸால் பிடிக்கப்பட்டு உயிரிழந்தார். ஒரு மோதிரம். தோட்டத்துப் பெண்பிள்ளைகள் வேலை செய்யும் வீடுகளில் நகை காணாமற்போனால் விரல் முதலில் அவர்களை நோக்கித்தான் நீளும். அத்தகைய அழைப்பு வந்தால் நாளைக்குப் பார்க்கலாம் என்று விடாதீர்கள், அன்றிரவே போங்கள். பெண்ணைச் சோதனையிடுவது பெண்தான் என்பதையும், கண்ணியம் காக்கப்பட வேண்டும் என்பதையும் சட்டமே சொல்கிறது.

7. பயங்கரவாதத் தடைச் சட்டம் என்ற பெயரைக் கேட்டதும் கை நழுவவிடாதீர்கள்.

1979 இல் தற்காலிகம் என்று பெயரிலேயே எழுதிக் கொண்டுவந்த சட்டம். 1982 இல் நிரந்தரமாயிற்று. மாற்றுச் சட்டமூலங்கள் 2018 இலும் 2023 இலும் வந்தன, நிறைவேறவில்லை. இதில் 24 மணித்தியாலம் கிடையாது, 72 மணித்தியாலம். அமைச்சர் தடுப்புக்காவல் உத்தரவு போட்டால் மூன்று மாதம், பிறகு நீடிப்பு. முன்பு உச்சம் 18 மாதம். 2022 இன் 12 ஆம் இலக்கத் திருத்தத்துக்குப் பின் 12 மாதம். அதே திருத்தம் நீதவான் மாதத்துக்கு ஒருமுறையாவது தடுப்பு இடத்துக்குப் போய்ப் பார்க்க வேண்டும் என்றும், சட்டத்தரணியை அணுக இடம் உண்டு என்றும் சேர்த்தது. சிறிய வாசல்கள்தான். அவற்றைத் தட்டுவது உங்கள் வேலை: நீதவான் போனாரா என்று ஒவ்வொரு தவணையிலும் கேளுங்கள். மனித உரிமைகள் ஆணைக்குழுச் சட்டம் 28 ஆம் பிரிவின்படி, இத்தகைய கைதை 48 மணித்தியாலத்துக்குள் ஆணைக்குழுவுக்கு அறிவிக்க வேண்டும். அறிவித்தார்களா என்று ஆணைக்குழுவிடமே கேட்கலாம்.

மன்னார்ப் பக்கத்து இளம் ஆசிரியர் அஹ்னாப் ஜஸீம் 'நவரசம்' என்ற தமிழ்க் கவிதைத் தொகுப்பை எழுதியவர். 2020 மேயில் பிடித்தார்கள். 2021 டிசம்பரில்தான் பிணை. 2023 டிசம்பரில் புத்தளம் மேல் நீதிமன்றம் விடுதலை செய்தது. ஒரு கவிதைப் புத்தகத்துக்கு மூன்றரை வருடம் என்பதை நினைத்துப் பாருங்கள். இச்சட்டம் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் மட்டும் என்று நினைத்திருந்தவர்களுக்கு 2022 பாடம் சொன்னது. அனைத்துப் பல்கலைக்கழக மாணவர் ஒன்றியத்தின் வசந்த முதலிகே ஆகஸ்ட் 18 அன்று ஆர்ப்பாட்டத்தின் பின் கைதாகி இதே சட்டத்தில் தடுக்கப்பட்டார். 2023 ஜனவரி 31 அன்று கொழும்பு நீதவான் நீதிமன்றம் அவரைப் பயங்கரவாதக் குற்றச்சாட்டிலிருந்து விடுவித்தது. நம் வழக்குகளில் சிங்களச் சட்டத்தரணிகள் துணை வருவது அதன் பின் கொஞ்சம் கூடியிருக்கிறது என்பது என் எண்ணம்.

8. இடைத்தரகர்.

நீதிமன்ற வாசலில் "உள்ளுக்குக் கதைச்சு எடுத்துத் தாறன்" என்று ஒருவர் குடும்பத்தைப் பிடித்துக்கொள்வார். காசு போகும், ஆள் வரமாட்டான். பணமில்லாதவர்களை 1978 முதல் இயங்கும் சட்ட உதவி ஆணைக்குழுவுக்கு அனுப்புங்கள். அது புதுக்கடையில்தான் இருக்கிறது.

9. பிணைக்கு ஆள் தயாரா?

1997 இன் 30 ஆம் இலக்கப் பிணைச் சட்டம் பிணை வழங்குவதே பொது விதி, மறுப்பு விதிவிலக்கு என்று 2 ஆம் பிரிவிலேயே சொல்கிறது. மரண தண்டனைக்கோ ஆயுள் சிறைக்கோ உரிய குற்றமென்றால் மேல் நீதிமன்றம் போக வேண்டும். கைது வரும் என்று அஞ்சுபவர் 21 ஆம் பிரிவில் முன்பிணை கேட்கலாம். இதெல்லாம் புத்தகத்தில் இருக்கிறது. புத்தகத்தில் இல்லாதது சரீரப் பிணையாளி. நீதவான் இரண்டு பேரைக் கேட்பார். கிராம உத்தியோகத்தர் சான்றிதழ் வேண்டும் என்பார். நம் பிள்ளையின் ஆட்கள் நுவரெலியாவிலோ வாகரையிலோ இருப்பார்கள். பிணை கிடைத்த பிறகு அவர்களைத் தேடினால் ஒரு தவணை, வழக்கமாக 14 நாள், விளக்கமறியலில் போய்விடும். கைதான இரவே தாயிடம் சொல்லிவிடுங்கள்: விடிந்ததும் கிராம உத்தியோகத்தரிடம் போய்ச் சான்றிதழ் எடுத்து, இரண்டு பேரும் அடையாள அட்டையோடு ரயில் ஏறி மருதானையில் இறங்கட்டும். பிணை மறுக்கப்பட்டாலும் அந்தப் பயணம் வீண் அல்ல. ஆள் உயிரோடு நிற்பதைத் தாய் நீதிமன்றத்தில் காண்பாள்.

10. ஒரு மாதம்.

பிணையில் வந்ததும் குடும்பம் கோவிலுக்குப் போகும், ஊருக்குப் போகும், எல்லாம் முடிந்தது என்று நினைக்கும். சட்டவிரோதக் கைதுக்கும் அடிக்கும் பரிகாரம் கேட்கும் அடிப்படை உரிமை மனுவை 126 ஆம் உறுப்புரையின்படி மீறல் நடந்து ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய வேண்டும். மாதம் கைது நடந்த நாளிலிருந்து ஓடத் தொடங்கிவிடும். பிணையில் வந்த நாளிலிருந்து அல்ல. தடுப்பில் இருந்தவர்களுக்கு நீதிமன்றம் சலுகை காட்டியதுண்டு, அதை நம்பி இருக்காதீர்கள். பாதிக்கப்பட்டவர் வர முடியாவிட்டால் அவர் சார்பில் நீங்களே மனுச் செய்யலாம். காவலில் இறந்தவரின் மனைவியும் செய்யலாம் என்பதை 2003 இல் சிறியாணி சில்வா வழக்கு உறுதிசெய்தது.

அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு செய்தால், அங்கே விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் கணக்கில் சேராது என்கிறது 1996 இன் 21 ஆம் இலக்கச் சட்டத்தின் 13 ஆம் பிரிவு. அந்த முறைப்பாட்டைத் தமிழிலேயே எழுதலாம். கட்டணம் இல்லை, சட்டத்தரணியும் தேவையில்லை. தொலைபேசி இலக்கம் 1996.